பச்சைப் பொட்டு ஒட்டிய இடம்

மேசை மேலிருந்த வட்டார மாதிரியைப் போர்த்திய துணியை நகரத் திட்ட இயக்குநர் உருவி எடுத்ததும் பள்ளிக்கூடக் கூடத்தில் "அடேயப்பா!" என்று ஒரு சத்தம் எழுந்தது. பாப்பாவுக்கு அந்தச் சத்தமே போதுமாக இருந்தது. நடுவே தண்டவாளம், அதில் விரல் நீளத்துக்கு ஒரு ரயில், கண்ணாடிக் கூரை போட்ட நிலையம், அங்கிருந்து நாலாபுறமும் கிளம்பும் அகலமான நடைபாதைகள், ஸ்பாஞ்சைப் பிய்த்துப் பச்சைச் சாயம் தோய்த்துச் செய்த மரங்கள். மாதிரியைச் செய்தவர் நடைபாதையில் குண்டூசித் தலை அளவில் மனிதர்களைக்கூட நிறுத்தியிருந்தார். அதில் ஒருத்தி குடை பிடித்திருந்தாள்.

பாப்பா என்பது சித்தி வீட்டில் வைத்த பெயர். நாற்பதை நெருங்குகிற, நகரத் திட்ட அலுவலகத்தில் அதிகாரியாக இருக்கிற ஒருத்தியை அப்படிக் கூப்பிட சித்திக்கும் சித்தப்பாவுக்கும் மட்டும்தான் உரிமை. கல்லூரிக் காலம் முழுக்க அவள் இருந்தது அவர்கள் வீட்டில். அந்தத் தெரு தண்டவாளத்தை ஒட்டியே போகும். இதுவரை சரக்கு ரயில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த தண்டவாளம் அது. அதற்கு அப்பால் ஊர்க் குப்பையெல்லாம் வந்து விழுகிற மேடு. அங்கேதான் இப்போது பயணிகள் ரயிலும் நிலையமும் வரப்போகின்றன. வீட்டை விட்டு இறங்கினால் வண்டி தேடாமல் நடந்தே ரயிலேறலாம், நடந்தே கடைக்கும் பள்ளிக்கும் போய் வரலாம் என்கிற விதமாக அந்த வட்டாரத்தையே திருத்தி அமைக்கிற பொறுப்பு பாப்பாவிடம் வந்தது. வந்த அன்றே இயக்குநரிடம் போய், "சார், எங்க சித்தி வீடு அந்தத் தெருவுலதான் இருக்கு," என்று சொல்லிவிட்டாள். "அப்போ வீட்டுல திட்டத்தப் பத்திப் பேசாதீங்க. அவ்வளவுதான்," என்றார் அவர். அவளும் பேசவில்லை. பேசாததுதான் வினையாகப் போயிற்று.

சித்தப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'டிரைவர்'. முட்டியைப் பிடித்தபடி குனிந்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து, அந்தக் குட்டி ஊருக்குள் தெருத்தெருவாகத் தேடினார்.

"பாப்பா, நம்ம வீடு எதும்மா?"

பாப்பா சிரித்துக்கொண்டே, குப்பைமேடு இருந்த இடத்தில் எழும்பியிருந்த வெள்ளை அடுக்குமாடியைத் தொட்டுக் காட்டினாள். "இதுல ஒண்ணு சித்தப்பா. எந்த மாடின்னு நீங்களே சொல்லலாம்."

"இதுலயா? நாம எதுக்கும்மா இதுல இருக்கோம்?"

அவர் வேண்டுமென்றே வம்பு பண்ணுகிறார் என்று நினைத்தாள். அதற்குள் சித்தி வந்து அவரை ஓரமாகத் தள்ளினாள். "நகருங்க. உங்க கண்ணுக்கு எதுதான் ஒழுங்காத் தெரிஞ்சிருக்கு? பாப்பா, நம்ம தெருவக் காட்டுடி."

"இங்க சித்தி." தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் விரிந்திருந்த பச்சைப் புல்வெளியைக் காட்டினாள் பாப்பா. "இதோ, நீங்கள்லாம் கேட்ட பூங்கா."

"பூங்கா சரி. தெரு எங்க?"

"இதுதான் சித்தி. தெரு இருந்த எடம்."

சித்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கணக்கில் தப்பு போட்ட பிள்ளையைப் பார்க்கிற பார்வை. பிறகு மேசை ஓரத்தில் காலை ஊன்றி நின்று, இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள்.

"இந்தா, இங்க பாரு. இப்ப நான் நம்ம வாசல்ல நிக்கிறேன். முன்னாடி லைன் போகுது. லைனத் தாண்டினா குப்பைமேடு. அதுமேலதானே நானும் டைலரக்காவும் பச்சப் பொட்டு ஒட்டினோம்? நாத்தம் போகட்டும், மரம் வைக்கட்டும்னு. அப்போ இந்தப் பக்கம் நம்ம தெரு. நம்ம தெருவுல யாருடி இவ்வளவு பெரிய கட்டடத்தக் கட்டி வெச்சது?"

பாப்பாவின் சிரிப்பு உதட்டிலேயே நின்றுபோனது. சித்தி நின்ற இடத்தையும் அவள் கை காட்டிய திசையையும் மாறி மாறிப் பார்த்தாள். சித்தி நின்றது குப்பைமேட்டு ஓரம். கை நீண்டது அவளுடைய சொந்தத் தெருவை நோக்கி. கூடத்தில் பேசியவர்களின் வாய் அசைவது தெரிந்தது. சத்தம் மட்டும் காதில் ஏறவில்லை.

போன கோடையில் இதே கூடத்தில்தான் மக்களைக் கூட்டி யோசனை கேட்டார்கள். மேசை மேல் பெரிய வரைபடம். எங்கே பூங்கா வேண்டுமோ அங்கே பச்சை, வீடு வேண்டுமானால் மஞ்சள், கடைக்குச் சிவப்பு என்று வட்ட வட்டமாக ஒட்டும் தாள்கள். பெண்கள் அவற்றைப் பொட்டு என்றே கூப்பிட்டார்கள். கோடுகள் அதிகமாக இருந்தால் ஜனங்கள் மிரண்டுவிடுவார்கள் என்று பாப்பாதான் வீட்டுக் கோடுகளையெல்லாம் படத்திலிருந்து எடுக்கச் சொன்னாள். நடுவில் தண்டவாளம், இரண்டு பக்கமும் வெறும் நிறங்கள், பொடி எழுத்தில் தெருப் பெயர்கள். சித்தியும் அக்கம்பக்கத்துப் பெண்களும் படத்தின் கீழ் ஓரத்தில், எழுத்தைப் படிக்கிற பக்கத்தில்தான் நின்றார்கள். சரியாகப் பார்க்கிறார்கள் என்று பாப்பா நிம்மதியாக இருந்தாள். அவர்கள் எழுத்தைப் படிக்கவேயில்லை. கிட்டே இருப்பது நம்முடையது, லைனுக்கு அப்பால் இருப்பது குப்பைமேடு என்று, வாசலில் நின்று பார்ப்பது போலவே பார்த்திருக்கிறார்கள். படத்தில் கிட்டே இருந்ததோ குப்பைமேடு, லைனுக்கு அப்பால்தான் தெரு. ஒருத்தி ஒட்டிய இடத்திலேயே அடுத்தவளும் ஒட்டினாள். கூட்டம் முடிந்தபோது சித்தியின் தெரு அம்மை போட்ட உடம்பு மாதிரி பச்சை பச்சையாக இருந்தது.

அதைப் பார்த்துப் பாப்பா நெகிழ்ந்துபோனாள். அதுதான் இப்போது அவளால் தாங்க முடியாததாக இருந்தது. ஊருக்கு நிழல் வேண்டும் என்று சொந்தத் தெருவையே கொடுக்கிறார்களே, பழைய வீட்டை விட்டுப் புது வீட்டுக்குப் போகத் தயாராகிவிட்டார்களே என்று அறிக்கையில் உருக்கமாக எழுதினாள். அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டில் சாப்பிட்டிருக்கிறாள். "பூங்கா நிச்சயமா வருமாடி?" என்பாள் சித்தி. "வரும் சித்தி." "நெறைய மரம் வைப்பீங்கள்ல?" "நெறைய," என்பதோடு பாப்பா நிறுத்திக்கொள்வாள். "சீக்கிரம் வந்தா நல்லாருக்கும்," என்று இன்னொரு கரண்டி சோறு போடுவாள். இரண்டு பேரும் இரண்டு வேறு ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"என்னடி, பேச்சு மூச்சக் காணோம்?" சித்தி அவள் தோளை உலுக்கினாள்.

"சித்தி… நீங்க பொட்டு ஒட்டினது நம்ம தெரு மேல."

சொல்லி முடிக்கும்போது கூடம் அமைதியாக இருந்தது போல. சொன்னது பின்வரிசை வரை கேட்டுவிட்டது. முதலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியில் அறுந்தது. தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கிற டைலரக்கா மேசைக்கு ஓடி வந்தாள். புல்வெளியின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். அங்கே கடை எங்காவது ஒளிந்திருக்கும் என்பது போல.

"என் கடைய நானேவா அழிச்சேன்?" என்றாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். சித்தி பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வலது கை விரல்களை விரித்து, அது யாருடைய கையோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இயக்குநர் துணியை எடுத்து மறுபடி மாதிரியின் மேல் போடச் சொன்னார். போட்ட துணியை இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். ஸ்பாஞ்சு மரங்கள் தரையில் சிதறின. இயக்குநர் பாப்பாவைப் பக்கத்து வகுப்பறைக்குள் அழைத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"சார், இத நிறுத்தணும்," என்றாள். "அவங்க கேட்டது வேற. நான் புரிஞ்சுக்கிட்டது வேற."

"வெள்ளிக்கிழமை நகர மன்றத்துல ஒப்புதலுக்கு வருது. பொட்டு ஒட்டினது அவங்க. மக்களே கேட்டதுன்னு எழுதிக் கொடுத்தது நீங்க. நான் எங்கம்மா வர்றேன் இதுல?"

"நான் தப்பாப் படிச்சுட்டேன்னு மன்றத்துலயே சொல்றேன் சார்."

இயக்குநர் கெட்டவர் இல்லை. சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து, நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "தாராளமா சொல்லுங்க. ஆனா நீங்க வாயத் தெறந்தா அவங்க காதுல என்ன விழும் தெரியுமா? சித்தி வீடு போகுதுன்னதும் அதிகாரியம்மா பேச்ச மாத்துறாங்கன்னுதான் விழும். நீங்க சொல்றது உண்மையாவே இருந்தாலும் அது எடுபடாது."

பாப்பா அப்படி ஒரு கோணத்தை நினைத்தே பார்க்கவில்லை. நடுநிலையாக இருக்க வேண்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தது தெருவைக் காவு வாங்கியது. இப்போது வாயைத் திறந்தால் அதுவே பாரபட்சம். சுவரில் பிள்ளைகள் வரைந்து ஒட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். எல்லா வீட்டுக்கும் ஒரு கதவு, இரண்டு ஜன்னல், புகை.

சாயங்காலம் சித்தி வீட்டுக்குப் போனாள். தெருவே வாசலுக்கு வந்திருந்தது. வழக்கமாக 'வாம்மா' என்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு சரக்கு ரயில் போனது. அது போய் முடிகிற வரை யாரும் பேச வேண்டியதில்லை என்பதே அவளுக்கு உபகாரமாக இருந்தது.

சித்தி அடுப்படியில் இருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"வாயத் தெறந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேடி. 'சித்தி, உங்க வீட்டு மேலயே ஒட்டுறீங்களே, புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா'ன்னு."

"கேக்கக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லியிருந்தாங்க சித்தி."

"ஆபீஸ்ல சொன்னா? ஏண்டி, எத்தன வருஷம் இந்த வீட்டுல இருந்த! நான் இந்தச் செவுர இடிக்கச் சொல்லுவேன்னு நீ எப்படி நெனச்ச?"

பாப்பா அப்படி நினைத்தாள் என்பதுதான் உண்மை. சித்தி பெரிய மனசுக்காரி என்று பெருமைப்பட்டுக்கொண்டு நினைத்தாள். "தப்பு என்னோடதுதான் சித்தி. வெள்ளிக்கிழமை மன்றத்துல போய்ச் சொல்லிடுறேன். இந்தத் தெருவத் தொட விடமாட்டேன்," என்றாள்.

"ஏன்?" என்று ஒரு குரல் கேட்டது.

சித்தப்பா கட்டிலில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"ஏன் தொட விடமாட்டே? அந்தக் கட்டடத்துல லிப்ட்டு உண்டா?"

"உண்டு சித்தப்பா. ஆனா…"

"குளிக்கிற ரூம் வீட்டுக்குள்ளயேவா?"

"ஆமா."

"அப்புறம் என்ன? இருக்கட்டும் விடு. ஒட்டினது ஒட்டினதாவே இருக்கட்டும்."

சித்தி கரண்டியோடு கூடத்துக்கு வந்தாள். "என்ன பேசுறீங்க?"

"நான் பேசி எவ்வளவு நாளாச்சு, இன்னிக்காவது பேசுறேன்." அவர் குரல் உயரவில்லை. "கிளட்ச் மிதிச்சு மிதிச்சு என் முட்டி போச்சு. கொல்லப்பக்கம் போகணும்னா நாலு படி எறங்கி ஏறணும். மழை வந்தா கட்டிலுக்கு அடியில தண்ணி. ரயில் போறப்ப சோத்துத் தட்டுல தூசி. உங்கப்பா குடுத்த வீடுன்னு நீ சந்தோஷமா இருக்கே. நானும் இருந்துட்டுப் போறேன்னு இருந்தேன். எனக்குப் பிடிச்சிருக்கான்னு நீ ஒரு நாளாவது கேட்டியா?"

கரண்டியிலிருந்து குழம்பு சொட்டி சித்தியின் காலில் விழுந்தது. சுட்டிருக்கும். அவள் காலை எடுக்கவில்லை. காலையில் பள்ளிக்கூடத்தில் தன் விரல்களைப் பார்த்த அதே பார்வையை இப்போது புருஷன் மேல் வைத்திருந்தாள்.

"இத்தன வருஷமா?" என்றாள் கடைசியில்.

"இத்தன வருஷமாத்தான்."

சித்தி திரும்ப அடுப்படிக்குப் போய்விட்டாள். அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பாப்பா கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யார் பக்கம் போவது என்று தெரியவில்லை. வாசலில் டைலரக்காவும் இன்னும் சிலரும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "எங்க வீட்டுலயும் அதே பேச்சுதான்," என்றாள் அவர்களில் ஒருத்தி. "மாமியாருக்கு இங்கயே இருக்கணும். எனக்கு லிப்ட்டு வேணும்." "லிப்ட்டுல தையல் மிஷினத் தூக்கி வெச்சுக்கிட்டு நான் யாருக்குத் துணி தைக்கிறது?" என்று டைலரக்கா சண்டைக்கு வந்தாள். தெருவைக் காப்பாற்ற வந்தவள் கண்முன்னே தெரு இரண்டாகப் பிளந்தது.

வெள்ளிக்கிழமை பாப்பா மன்றத்தில் எழுந்து நின்றாள். முதலில் சித்தி வீட்டைப் பற்றித்தான் சொன்னாள். யாரும் தோண்டி எடுத்துச் சொல்வதற்கு முன் தானே சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். பிறகு மேசையையும், பெண்கள் நின்ற பக்கத்தையும், தான் படத்திலிருந்து எடுக்கச் சொன்ன வீட்டுக் கோடுகளையும் சொன்னாள். "அந்தத் தெருக்காரங்க என்ன நெனைக்கிறாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு எழுதிக் கொடுத்தது தப்பு," என்றாள். உறுப்பினர் ஒருவர், "சொந்தக்காரங்க வீடுன்னா மட்டும் தப்பு பளிச்சுன்னு தெரியுது," என்றார். சிலர் சிரித்தார்கள். அவள் காது மடல் எரிந்தது. ஆனாலும் உட்காரவில்லை. தலைவர் கொஞ்சம் யோசித்து, மறுபடி மக்களிடம் கேட்டுவிட்டு வரச் சொன்னார். கேட்பது வேறு அதிகாரியாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அடுத்த வாரமே பாப்பாவை மழைநீர் வடிகால் பிரிவுக்கு மாற்றினார்கள். இயக்குநர் அவளைக் கூப்பிட்டு, "அங்க படம் எல்லாம் தலைகீழா வெச்சுப் பாத்தாலும் தண்ணி பள்ளத்துக்குத்தான் போகும். கவலப்படாதீங்க," என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, குத்திக் காட்டினாரா என்று அவளுக்கு விளங்கவில்லை.

இரண்டாவது கூட்டத்துக்கு அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள், வேடிக்கை பார்க்கிறவளாக. புது அதிகாரி இளைஞர். மேசையும் இல்லை, படமும் இல்லை. தண்டவாளத்து ஓரம் வெயிலில் எல்லோரையும் நிறுத்தி, தரையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருந்தார். அவரவர் வாசலிலிருந்து கிளம்பி நிலையம் வருகிற இடம் வரை நடந்தார்கள். வழியில் எங்கே கால் இடறுகிறது, எங்கே நிழல் வேண்டும், எங்கே விளக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். பூங்கா எங்கே என்று கேட்டபோது ஊரே ஒரு குரலாகக் குப்பைமேட்டைக் காட்டியது. கடைசியில் எல்லோரும் தெருவுக்கே திரும்பி வந்ததும் அதிகாரி, "தெருவுலயே இருக்கணும்கிறவங்க இந்தப் பக்கம், மாடி வீடு வேணும்கிறவங்க அந்தப் பக்கம் நில்லுங்க," என்றார்.

சித்தி தன் வாசலை விட்டு அசையவில்லை. டைலரக்கா வந்து அவள் பக்கத்தில் நின்றாள். சித்தப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினார். அவருக்குப் பின்னால் தெருவில் பாதிக்கு மேல் தாண்டியது. அவ்வளவு பேர் போவார்கள் என்று அந்தப் பக்கம் போனவர்களே எதிர்பார்க்கவில்லை. ஒருவரை ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

"நீயும் வாயேன்," என்று சித்தப்பா சித்தியைப் பார்த்துச் சொன்னார்.

"போங்க, போங்க. இத்தன நாள் வாய மூடிக்கிட்டு இருந்த ஆளு," என்றாள் சித்தி. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாப்பா கிட்டே போனதும் அவள் கையைத் தட்டிவிட்டாள். கொஞ்சம் கழித்து அவளே எட்டிப் பாப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

குப்பைமேட்டில் பாதி பூங்கா, பாதி மாடி வீடுகள் என்று திட்டம் மாறியது. தெரு அப்படியே இருக்கும், போகிறவர்களின் வீடுகள் இருந்த இடத்தில் நிலையத்துக்கு நடைபாதை வரும் என்று முடிவாயிற்று. சித்தி வீடு எந்தப் பக்கம் என்பதை மட்டும் யாராலும் எழுத முடியவில்லை. புது அதிகாரி இரண்டு தடவை வந்து, இரண்டு தடவையும் காபி குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

இப்போதும் பாப்பா ஞாயிற்றுக்கிழமை போகிறாள். சித்தி சித்தப்பாவுக்குச் சாப்பாடு போடுகிறாள், தைலம் எடுத்துக் கொடுக்கிறாள், அவரோடு பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைப் பாப்பாவிடம் சொல்லி அவர் காதில் விழவைக்கிறாள். போன வாரம் மோர் ஊற்றும்போது அப்படித்தான் கேட்டாள்.

"ஏண்டி, கரண்டு போனா அந்த லிப்ட்டு நடுவுலயே நின்னுடுமா?"

"ஜெனரேட்டர் இருக்கும் சித்தி."

கட்டிலில் இருந்த சித்தப்பா தைலம் தேய்க்கிற கையை நிறுத்தினார்.

"சும்மாதான் கேட்டேன்," என்றாள் சித்தி. "சாப்பிடு. மோர் ஊத்தின சோறு ஆறட்டும்னா அப்படியே பாத்துக்கிட்டு உக்காந்திருக்க?"